சமவெளிக் கால்களுக்கு முதல் மலை: டெல்டாவிலிருந்து கிளம்பும் குழுவுக்கு

டெல்டாவில் பெயரிலேயே மலையை வைத்திருக்கும் ஊர் சுவாமிமலை. அதுவும் கட்டுமலைதான். 60 படி ஏறினால் சன்னிதி வந்துவிடும். ஒரு படி அரை அடி என்று வைத்தால் மொத்தம் 30 அடி, ஏறக்குறைய 9 மீட்டர். சுமாரான ஒரு மலை நடையில் ஒரே நாளில் 600 மீட்டர் ஏற வேண்டியிருக்கும். சுவாமிமலையை அறுபது தடவைக்கு மேல் ஏறி இறங்கும் கணக்கு அது, முதுகில் பையோடு. கும்பகோணத்திலும் திருவாரூரிலும் மன்னார்குடியிலும் வேன் பேசிக் கிளம்பும் குழுக்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. "தினமும் அஞ்சு கிலோமீட்டர் நடக்குறேன், பார்த்துக்கலாம்" என்றுதான் ஏறுகிறார்கள்.

மலை என்றதும் எல்லோருக்கும் மூச்சைப் பற்றித்தான் கவலை. மூச்சு வாங்கினால் நிற்கலாம், இரண்டு நிமிடத்தில் அடங்கிவிடும். சமவெளிக்காரர்களைக் கவிழ்ப்பது இறக்கம். ஒவ்வொரு அடியிலும் உடம்பின் எடையைத் தாங்கிப் பிடித்து மெல்ல இறக்கும் வேலை முன்தொடைத் தசைக்கு. தட்டையான ஊரில் அந்தத் தசைக்கு இந்த வேலையே கிடையாது. அதனால் இறங்க ஆரம்பித்த ஒரு மணி நேரத்தில் முட்டி நடுங்கும், கால் தடுக்கும், கணுக்கால் பிசகும். கீழே வரும் பயிற்சித் திட்டம் முழுக்க இதை மனதில் வைத்துப் போட்டதுதான்.

எந்த மலை, எந்த மாதம்

முதல் தடவைக்கு வெள்ளியங்கிரி வேண்டாம். ஏழு மலை, செங்குத்தான படிகள், பெரும்பாலும் இரவு ஏற்றம், உச்சியில் குளிர் என்று எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த இடம் அது. பக்தியோடு போகிறவர்களைத் தடுக்கவில்லை. ஆனால் அதைப் பழகும் இடமாக வைத்துக்கொள்ளக் கூடாது. கடப்பாரைகளைப் பிடித்து ஏற வேண்டிய பர்வதமலையும் அப்படித்தான்.

டெல்டாக்காரர்களுக்குத் தோதானது கொல்லிமலை. தஞ்சாவூர், திருச்சி, நாமக்கல் வழியாகக் காரவள்ளி போனால் அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள், அதற்கு மேல் செம்மேடு. கும்பகோணத்திலிருந்து விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குள் மேலே இருக்கலாம். மலையின் மேல்பரப்பு 1,000 முதல் 1,300 மீட்டர் உயரம். ஊர்களும் தோட்டங்களும் உள்ள இடம் என்பதால் பட்டா நிலத்தில் கூடாரம் போட இடம் கிடைக்கும். அறப்பளீஸ்வரர் கோயிலிலிருந்து ஆகாயகங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்குகின்றன. இங்கே ஒரு பொறி இருக்கிறது. மற்ற மலைகளில் ஏறிவிட்டு இறங்குவோம், இங்கே முதலில் இறக்கம். சிரித்துப் பேசிக்கொண்டே இறங்கிவிட்டு, குளித்து, ஈரத்துணியோடு, நடுவெயிலில், வெறும் வயிற்றில் ஏறத் தொடங்கும்போதுதான் ஆள் உட்காருவார். அருவிக்கு காலை எட்டு மணிக்குள் இறங்குங்கள். பாட்டிலில் பாதித் தண்ணீராவது ஏறும்போது மிச்சம் இருக்கட்டும்.

மாதம் என்று பார்த்தால் நமக்குக் கிடைப்பது சின்ன இடைவெளி. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. படி வழுக்கும், மண் சரியும். மாசி பிற்பாதியிலிருந்து புல் காய்ந்து காட்டுத்தீ காலம் தொடங்கிவிடும், வனத்துறையும் பாதைகளை மூடும். ஆக மார்கழிக் கடைசியிலிருந்து தை முடியும் வரைதான் நல்ல காலம். சம்பா அறுவடைக்கு வீட்டில் ஆள் தேவைப்படும் நேரமும் அதுவே என்பதால், பொங்கல் விடுமுறைக்கு முந்தைய வாரமா பிந்தைய வாரமா என்பதை இப்போதே பேசி முடித்துவிடுங்கள்.

காட்டுத்தீயை லேசாக நினைக்க வேண்டாம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பிடித்த தீயில், மலையேறப் போனவர்கள் இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். காய்ந்த புல்சரிவில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதக் கால் ஈடுகொடுக்காது. புகை வாடை வந்தால் சரிவில் மேலே ஏறி ஓடக் கூடாது. புல் இல்லாத பாறை, ஓடைப்படுகை, ஏற்கெனவே எரிந்து கருகிய தரை, இவற்றில் எது பக்கமோ அங்கே போக வேண்டும்.

அந்த விபத்துக்குப் பிறகு மலையேற்றத்துக்கென்று தமிழக அரசு தனி விதிகளே கொண்டுவந்தது. காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் கால் வைப்பதே குற்றம், கூடாரம் போடுவதும் அப்படித்தான். அனுமதியோடு காட்டில் நடக்க விரும்புகிறவர்களுக்கு 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற திட்டம் தொடங்கியது. 40 பாதைகள், எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். இணையத்தில் முன்பதிவு செய்தால் வழிகாட்டி கூடவே வருவார். ஆகவே முதல் பயணத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: பகல் நடை அனுமதியுள்ள பாதையில், இரவுத் தங்கல் பட்டா நிலத்தில். நிலத்துக்காரரிடம் முன்பணம் கொடுக்கும் முன் நான்கு கேள்வி கேளுங்கள். கழிப்பறை உண்டா? தண்ணீர் எங்கிருந்து வருகிறது? இரவில் ஆள் இருப்பாரா? வேன் எவ்வளவு பக்கத்தில் வரும்?

ஆறு வாரப் பழக்கம்

முதல் இரண்டு வாரம் வெறும் நடை. வாரத்தில் நான்கு நாள், நாளுக்கு 5 கிலோமீட்டர். ரோட்டில் வேண்டாம், ஆற்றங்கரை மேட்டில் நடங்கள். கரையிலிருந்து படுகைக்கு இறங்கி, மணலில் நூறு அடி நடந்து, மறுபடி கரை ஏறுங்கள். நடை ஒவ்வொன்றிலும் பத்து முறை. மணல் கணுக்காலைப் பழக்கும், கரையின் சரிவு தொடையைப் பழக்கும்.

மூன்றாவது வாரத்திலிருந்து படி. அடுக்குமாடி வீடோ, ரயில்வே மேம்பாலமோ, கோயில் படியோ, எது பக்கத்தில் இருக்கிறதோ அது. ஏறுவது எப்படியும் இருக்கட்டும், இறங்கும்போது மெதுவாக இறங்குங்கள். ஒரு படிக்கு இரண்டு எண்ணிக்கை. கைப்பிடியைத் தொடாதீர்கள். தொடக்கத்தில் மூன்று நாள் தொடை வலிக்கும், அது வழக்கம்தான். வலி முட்டியின் முன்பக்கத்தில் குத்துவதுபோல இருந்தாலோ வீங்கினாலோ நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

நான்காவது வாரம் முதுகில் சுமை. சிலர் பையில் அரிசி மூட்டையை வைத்துப் பழகுகிறார்கள். தண்ணீர் பாட்டில்தான் நல்லது. ஏறும்போது ஐந்து லிட்டர், முட்டி நோகிறது என்றால் மேலே கொட்டிவிட்டு வெறும் பையோடு இறங்கலாம். அரிசியைக் கொட்ட மனசு வருமா?

ஐந்தாவது வாரம் குளித்தலைப் பக்கம் உள்ள அய்யர்மலை. 1,017 படி. காவிரியிலிருந்து தண்ணீர் சுமந்து இந்த மலை ஏறி ரத்தினகிரீஸ்வரருக்கு அபிஷேகம் செய்யும் வழக்கம் இன்றும் இருக்கிறது. நம் தண்ணீர்ப் பயிற்சிக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. ரயிலில் குளித்தலை இறங்கினால் அங்கிருந்து பஸ்ஸோ ஆட்டோவோ பிடித்துக்கொள்ளலாம். குழுவில் எல்லோரும் சேர்ந்து போங்கள். காலை ஆறு மணிக்கு ஐந்து கிலோ சுமையோடு ஏறி, இறங்கி, அரை மணி உட்கார்ந்து, மறுபடி ஏறி இறங்க வேண்டும். யார் வேகம், யார் மெதுவு, யாருக்குக் கால் கொப்புளிக்கிறது, யார் கோபப்படுகிறார் என்பதெல்லாம் அன்றைக்கே தெரிந்துவிடும். இரண்டாவது இறக்கத்தில் முட்டி நடுங்கியவர்கள் மலைக்கு வரக் கூடாது என்பதில்லை, இன்னும் மூன்று வாரம் பழகிவிட்டு வரலாம். பயணத் தேதியை அவர்களுக்காகத் தள்ளிவைப்பது குழுவின் கௌரவம்.

ஆறாவது வாரம் ஓய்வு. கடைசி ஐந்து நாளில் கடினமாக எதுவும் செய்யாதீர்கள். தசைவலி இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் முழுதாக இறங்கும்.

இதயக் கோளாறு, கட்டுப்படாத ரத்தஅழுத்தம், ஆஸ்துமா, சர்க்கரை உள்ளவர்கள் பயிற்சிக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆஸ்துமாக்காரரின் இன்ஹேலர் எந்தப் பையில், எந்த அறையில் இருக்கிறது என்பது இன்னும் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்கட்டும்.

ஷூவும் பையும்

ஷூவை மாலையில் வாங்குங்கள். பகலெல்லாம் நடந்து கால் சற்று உப்பியிருக்கும் நேரம் அது. தடித்த சாக்ஸ் போட்டுக்கொண்டு, கயிறு கட்டுவதற்கு முன் காலை முன்னால் தள்ளினால் குதிகாலுக்குப் பின்னே ஒரு விரல் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் இறக்கத்தில் கட்டைவிரல் நகம் முன்னால் இடித்து இடித்துக் கறுத்துவிடும். போவதற்கு முந்தின நாள் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். புது ஷூவோடு மலைக்குப் போவது தவறு, அலமாரியில் ஐந்து வருடம் கிடந்த ஷூவோடு போவது அதைவிடத் தவறு. போடாமல் வைத்தாலும் அடிப்பாகத்துப் பிசின் ஈரப்பதத்தில் செத்துப்போகும், நடுவழியில் அடித்தட்டு வாயைப் பிளக்கும். இதற்காகக் குழுவுக்கு ஒன்று கோணி ஊசியும் தடித்த நைலான் நூலும் எடுத்துக்கொள்ளுங்கள். நெல் சாக்கு தைக்கிற அதே ஊசிதான். ஷூ, பைப்பட்டை, கூடாரத்தின் கிழிசல் எல்லாவற்றையும் அது தைத்துவிடும்.

ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் கனக்கும், காயாது. பருத்தி பனியன் வியர்வையைக் குடித்துக்கொண்டு ஈரமாகவே கிடக்கும், காற்று அடித்தால் நடுக்கும். விளையாட்டுக்குப் போடும் பாலியஸ்டர் டி-ஷர்ட் போதும். இரவுக்கென்று ஒரு முழு உடுப்பும் ஒரு ஜோடி சாக்ஸும் காய்ந்தபடியே தனிப் பாலித்தீன் பையில் இருக்கட்டும். என்ன மழை பெய்தாலும் அதை நடைக்கு எடுக்கக் கூடாது. நான்கு முழத் துண்டை மட்டும் கட்டாயம் கொண்டுபோங்கள். தலைக்கட்டு, வியர்வை துடைக்க, கை பிசகினால் தூளி என்று மூன்று வேலைக்கு ஆகும்.

மொத்தப் பை, தண்ணீரோடு சேர்த்து, எட்டு கிலோவைத் தாண்டக் கூடாது. கனமான பொருள் முதுகை ஒட்டி நடுவில், தூங்கும் பை அடியில், மழைக்கோட்டு மேலே. இடுப்புப் பட்டையைக் கட்டாமல் தொங்கவிட்டால் எடை முழுக்கத் தோளில்தான் விழும். முதலில் இடுப்பை இறுக்கி, பிறகு தோளைச் சரிசெய்யுங்கள். ஆளுக்கொரு தலைவிளக்கு வேண்டும். செல்போன் வெளிச்சத்தை விளக்காகக் கணக்கில் எடுக்காதீர்கள். அதைப் பிடிக்க ஒரு கை போய்விடும், பேட்டரியும் தீர்ந்துவிடும்.

கட்டுச்சோறு

இந்த விஷயத்தில் டெல்டாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, இருந்தாலும் சில எச்சரிக்கைகள். புளியோதரை ஒரு நாள் தாராளமாகத் தாங்கும். சோற்றை நன்றாக ஆறவிட்டுக் கிளறுங்கள், சூட்டோடு டப்பாவை மூடினால் வியர்த்து நசநசக்கும். இட்லிக்கு நல்லெண்ணெயும் மிளகாய்ப்பொடியும் தடவி வாழையிலையில் கட்டலாம். தேங்காய் சேர்ந்த எதுவும் வேண்டாம், வேன் சூட்டில் மதியத்துக்குள் ஊசிவிடும். தயிர்சாதமாக இருந்தால் முக்கால் பங்கு பாலும் கால் பங்கு தயிருமாகப் பிசைந்தால் மதியத்துக்குச் சரியாக இருக்கும். 70 வளைவுகள் ஏறுவதற்கு முன் வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம். வாந்தி வருகிறவர்கள் முன்சீட்டில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டு வரட்டும், பின்சீட்டில் செல்போன் பார்ப்பவர்தான் முதலில் ஜன்னலைத் திறப்பார்.

நடைக்கு இடையில் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி: கடலை மிட்டாய், பேரீச்சை, வறுத்த வேர்க்கடலை. பசித்தபின் சாப்பிடலாம் என்று காத்திருந்தால் கால் தளர்ந்துவிடும்.

தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் பதினைந்து நிமிடத்துக்கு இரண்டு மடக்கு. வியர்த்துக் கொட்டும் நாளில் வெறும் தண்ணீராகவே குடித்துக்கொண்டிருந்தால் உடம்பில் உப்பு குறைந்து தலைவலியும் குமட்டலும் வரும். ஒரு லிட்டராவது ஓ.ஆர்.எஸ். கலந்ததாக இருக்கட்டும். லிட்டருக்கான பொட்டலத்தை லிட்டரில்தான் கரைக்க வேண்டும், அரை லிட்டரில் கரைத்தால் உப்பு கூடிப்போய்த் தீமைதான். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி. ஓடைத் தண்ணீர் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் துணியில் வடிகட்டி, தளதளவென்று கொதித்தபின் ஒரு நிமிடமாவது வைத்து, ஆறிய பிறகே குடியுங்கள்.

முகாமில் இரவுச் சாப்பாட்டுக்கு ரவை உப்புமாவைவிடச் சுலபமானது இல்லை. பத்துப் பேருக்கு ஒரு கிலோ ரவை, மூன்று லிட்டர் தண்ணீர். ரவையை வீட்டிலேயே வறுத்து, கடுகு, உளுந்து, கறிவேப்பிலை தாளித்து, உப்பும் சேர்த்து டப்பாவில் கொண்டுபோனால் அங்கே தண்ணீர் கொதிக்க வைப்பது மட்டுமே வேலை. காலைக்கு அவல், அடுப்பே வேண்டாம். சோறு வடிக்கத்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், 300 மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி வீதம் கொதிநிலை குறையும் என்பதை நினைவில் வையுங்கள். ஊரில் வேகும் நேரத்தைவிடச் சில நிமிடம் கூடுதலாக ஆகும். டிகாஷன் ஒரு சின்ன பிளாஸ்க்கில், பால்பவுடர் தனியே. இது இல்லாமல் கும்பகோணத்துக் குழு காலையில் எழுந்திருக்காது.

நடக்கும் நாள்

நேரக் கணக்கு இப்படி. தட்டையில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் ஒரு மணி நேரம் கூட்டுங்கள். 1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன கணக்கு இது. புதியவர்கள் குழுவென்றால் வருவதில் பாதியை மேலும் சேர்க்க வேண்டும். 8 கிலோமீட்டர், 600 மீட்டர் ஏற்றம் என்றால் கணக்குப்படி இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று மேல், உங்களுக்கு நான்கு மணி நேரம்.

இதை வைத்துத் திரும்பும் நேரத்தைக் கிளம்பும் முன்பே முடிவு செய்யுங்கள். பதினொன்றரை மணி என்றால் பதினொன்றரை. உச்சி கண்ணெதிரே தெரிந்தாலும் திரும்பிவிட வேண்டும். நம் ஊரில் கோபுரம் தெரிந்தால் ஊர் வந்துவிட்டது என்று அர்த்தம். மலையில் அப்படி இல்லை, உச்சி என்று நினைத்த மேட்டில் ஏறினால் பின்னால் இன்னொரு மேடு நிற்கும். வெளிச்சத்திலும் ஏமாற்றம் உண்டு. தொடுவானம் வரை வயல் விரிந்த ஊரில் சூரியன் மறைந்த பிறகும் அரை மணி நேரம் கண் தெரியும். மலை இடுக்கில் சூரியன் முகட்டுக்குப் பின்னால் நான்கரை, ஐந்துக்கே போய்விடும், மரத்தடியில் அதற்கு முன்பே இருட்டு.

பத்துப் பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். முன்னால் வழி தெரிந்தவர், அவருக்குப் பின்னாலேயே குழுவில் ஆக மெதுவாக நடப்பவர், கடைசியில் பொறுமைசாலி ஒருவர். கடைசி ஆளுக்குப் பின்னால் யாரும் தங்கிவிடக் கூடாது, அவரும் யாரையும் முந்தக் கூடாது. மெதுவாக நடப்பவரைக் கடைசியில் விட்டால் என்ன ஆகும் தெரியுமா? முன்னால் போனவர்கள் உட்கார்ந்து இளைப்பாறி, அவர் வந்து சேர்ந்ததும் எழுந்து கிளம்பிவிடுவார்கள். ஓய்வு எல்லோருக்கும் உண்டு, அது அதிகம் தேவைப்பட்ட ஒருவருக்கு மட்டும் கிடையாது.

பாதை பிரியும் இடத்தில் எல்லோரும் வந்து சேரும்வரை நின்று தலையை எண்ணுங்கள். ஆளுக்கொரு விசில், மூன்று முறை ஊதினால் ஆபத்து. பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம், பேச முடியாமல் திணறினால் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

இறங்கும்போது முட்டியை லேசாக மடக்கியே வைத்து, சின்னச் சின்ன அடியாக, பாதம் முழுவதும் தரையில் படும்படி வையுங்கள். பின்னால் சாய்ந்து குதிகாலில் இறங்கினால் வழுக்கும். மூங்கில் தடி ஒன்று போதும். சமதரையில் ஊன்றிப் பிடித்தால் முழங்கை செங்கோணத்தில் மடங்க வேண்டும், அதுதான் அளவு. இறக்கத்தில் தடியை முதலில் கீழ்ப்படியில் ஊன்றி, பிறகு கால்.

குதிகாலோ விரலோ சூடாக உரசுகிறது என்று தோன்றியதும் நின்று, சாக்ஸைக் கழற்றி, காயவைத்து, ஒட்டுப் பட்டையைச் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். இன்னும் கொஞ்ச தூரம்தானே என்று நடந்தால் கொப்புளம். கொப்புளம் வந்துவிட்டால் மறுநாள் நடை கிடையாது.

கூடாரம்

கூடாரத்தை மலையில் முதன்முதலாகப் பிரிக்கக் கூடாது. அறுவடை முடிந்த வயலிலோ களத்திலோ ஒருமுறை போட்டு, அதில் ஒரு இரவு படுத்துப் பாருங்கள். மொட்டைமாடி உதவாது, முளை அடிக்க முடியாது. 'மூன்று பேர் கூடாரம்' என்று அட்டையில் எழுதியிருந்தால் இரண்டு பேரும் அவர்கள் பையும் என்று படியுங்கள்.

இடம் தேர்வதில் நம் ஆட்களுக்கு ஒரு பழைய அறிவு உண்டு: தண்ணீர் இங்கே பெய்துதான் வர வேண்டும் என்பதில்லை. ஜூன் 12-இல் மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நான்கு நாள் ஆகும், வாய்க்கால் ஓரத்தில் இருப்பவருக்கு எச்சரிக்கை கிடைக்கும். மலை ஓடைக்கு அந்த அவகாசம் கிடையாது. மேலே எங்கோ பெய்த மழை அரை மணி நேரத்தில் வந்துவிடும். ஓடைக்கரையிலும் குழிந்த இடத்திலும் போடாதீர்கள். காய்ந்த கிளை தொங்கும் மரத்தடியும் வேண்டாம்.

வரிசை இதுதான்:

1. கல், முள், குச்சி பொறுக்கிவிட்டு ஒருவர் படுத்துப் பார்க்கட்டும். லேசான சரிவு இருந்தால் தலை மேட்டுப் பக்கம்.
2. அடியில் தார்ப்பாய். நெல் மூட்டை மூடுவதே போதும். ஆனால் கூடாரத்தின் ஓரத்துக்கு வெளியே அது நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நீட்டியிருந்தால் மழைத்தண்ணீரைப் பிடித்து நேராக உங்கள் முதுகுக்கு அடியில் கொண்டுவந்து விடும். ஓரங்களை உள்ளே மடியுங்கள்.
3. உள்கூடாரத்தை விரித்து, வாசலைக் காற்று வராத பக்கம் வையுங்கள். காற்று பலமாக இருந்தால் காற்றடிக்கும் பக்கத்து இரண்டு முளைகளை முதலில் அடித்துவிட வேண்டும், இல்லையென்றால் பறந்துபோகும்.
4. கம்புகளை மாட்டும்போது தள்ளுங்கள், இழுக்காதீர்கள். இழுத்தால் மூட்டு கழன்று உறைக்குள் மாட்டிக்கொள்ளும்.
5. முளையை நேராக அடிக்காமல், தலை கூடாரத்துக்கு வெளியே சாயும்படி சரித்து அடியுங்கள். மாடு கட்டும் முளை எந்தப் பக்கம் இழுத்தால் பிடுங்கிக்கொள்ளும் என்று தெரிந்தவருக்கு இது உடனே விளங்கும்.
6. மேல்விரிப்பைப் போட்டு, அது உள்கூடாரத்தைத் தொடாதபடி கயிறுகளை இழுத்துக் கட்டுங்கள். தொடும் இடத்தில்தான் ஈரம் உள்ளே வரும்.

நள்ளிரவில் முகத்தில் சொட்டு விழுந்தால் கூடாரம் ஒழுகுகிறது என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் அது நீங்கள் விட்ட மூச்சுதான், குளிர்ந்த துணியில் பட்டுத் தண்ணீராகிறது. குளிருக்குப் பயந்து காற்றுத் துளைகளை அடைத்தவர்கள் கூடாரத்தில்தான் இது அதிகம். துளைகளைத் திறந்தே வையுங்கள், ஈரத்துணியை உள்ளே காயப்போடாதீர்கள்.

குளிர் தரையிலிருந்துதான் ஏறும். உயரம் 1,000 மீட்டர் கூடினால் ஏறக்குறைய ஆறரை டிகிரி குறையும். தஞ்சாவூரில் 21 டிகிரி உள்ள தை மாத இரவில் கொல்லிமலையில் 14. எண்ணாகப் பார்த்தால் பெரிதாகத் தெரியாது, ஆனால் மின்விசிறி இல்லாமல் தூங்காத உடம்புக்கு அது நல்ல குளிர். கோரைப்பாய் தரைக்குளிரைத் தடுக்காது. ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள ஃபோம் விரிப்பு வேண்டும். இரண்டு போர்வை இருந்தால் ஒன்றைக் கீழே போடுங்கள், இரண்டையும் மேலே போர்த்துவது வீண்.

கூடாரத்துக்குள் அடுப்பு, மெழுகுவத்தி, கொசுவத்தி எதுவும் கூடாது. துணி நொடியில் பிடித்துக்கொள்ளும், அடுப்பின் புகைவாயு வாடையே இல்லாமல் ஆளைக் கொல்லும். ஜிப்பை ஒவ்வொரு முறையும் முழுதாக மூடுங்கள், உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும். தரையில் தூங்குகிறவர்களை இரவில் கடிக்கும் கட்டுவிரியனைப் பற்றி டெல்டாவில் சொல்ல வேண்டியதில்லை. காலையில் ஷூவைத் தலைகீழாகத் தட்டிவிட்டுப் போடுங்கள். சாப்பாட்டு மிச்சமும் எண்ணெய்ப் பாத்திரமும் கூடாரத்தில் இருக்கக் கூடாது, வேனுக்குள் வைத்துப் பூட்டுங்கள். காட்டுப்பன்றியும் கரடியும் வாடை பிடித்து வரும். பகலில் இந்த வேலையைக் குரங்கு செய்யும், அருவிப் படிகளில் பாலித்தீன் பையைக் கையில் தொங்கவிட்டு நடந்தால் பறித்துக்கொண்டு போய்விடும்.

கழிப்பறை இல்லாத இடமென்றால் ஒரு களைக்கொட்டு போதும். தண்ணீரிலிருந்து 200 அடி தள்ளி, ஒரு சாண் ஆழக் குழி, முடிந்ததும் மண்ணைத் தள்ளி மூடுவது. நாப்கினையும் ஈரத்தாளையும் புதைக்காமல் இரட்டைப் பையில் போட்டு ஊருக்கே எடுத்து வாருங்கள்.

ஏதாவது ஆனால்

வயல் அட்டையைத் தெரிந்தவர்களுக்கு மலை அட்டை ஒன்றும் புதிதில்லை. ஒரே வித்தியாசம், இது ஈர இலையிலிருந்து ஏறும். பிய்த்து எறியாமல், வாய் ஒட்டியிருக்கும் மெல்லிய முனையை நகத்தால் பக்கவாட்டில் தள்ளினால் விட்டுவிடும். ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருளை அது விட்டுப்போவதால் கொஞ்ச நேரம் வடியும், பயம் வேண்டாம். சோப்புப் போட்டுக் கழுவி அழுத்திப் பிடியுங்கள்.

பாம்பு கடித்தால் மேலே கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது மூன்றும் கூடாது. கடிபட்டவரை நடக்கவிடாமல், அந்தக் கை அல்லது காலை ஒரு கம்போடு துண்டால் தளரக் கட்டி அசையாமல் வைத்துத் தூக்கி வாருங்கள். மோதிரம், கொலுசு, மெட்டியை உடனே கழற்றிவிடுங்கள், வீங்கிய பிறகு கழலாது. 108-ஐக் கூப்பிட்டு, விஷமுறிவு மருந்துள்ள அரசு மருத்துவமனைக்கு நேராகப் போக வேண்டும். மலையில் சிக்னல் எந்த இடத்தில் கிடைக்கிறது என்று முதல் நாளே நிலத்துக்காரரிடம் கேட்டு வைத்திருந்தால் இந்த நேரத்தில் கைகொடுக்கும்.

வெயிலில் ஒருவர் உளற ஆரம்பித்தாலோ, தள்ளாடினாலோ அது வெறும் களைப்பு இல்லை. நிழலில் படுக்கவைத்து, சட்டையைத் தளர்த்தி, கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் ஈரத்துணி வைத்து விசிறி, உடனே உதவிக்குச் சொல்லுங்கள். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

மதுவை மலைக்குக் கொண்டுவருகிறவரை வேனிலேயே ஏற்றாதீர்கள். அருவிப் பாறையில் வழுக்குவது, குளிரில் வெளியே கிடப்பது, இரவில் எங்கோ நடந்து போவது எல்லாம் அதிலிருந்துதான் தொடங்குகிறது.

ஊர் திரும்பிய பிறகு

கூடாரத்தைச் சுருட்டும் முன் முளைகளை எண்ணுங்கள். எண்ணிக்கை குறைந்தால் மண்ணில் தேடி எடுக்க வேண்டும், அடுத்து வரும் காலில் அதுதான் குத்தும். வீடு வந்து சேர்ந்த அசதியில் ஈரத்தோடு பரணில் போட்டுவிட்டால் பத்து நாளில் பூஞ்சை பிடித்து, துணியின் பூச்சு உரிந்து வரும். மறுநாள் காலையில் மொட்டைமாடியில் நிழலாகப் பார்த்து விரித்துப் போடுங்கள், வெயிலில் நாளெல்லாம் கிடந்தாலும் துணி நைந்துவிடும். கம்புகளின் மூட்டில் மண் இருந்தால் துடைக்க வேண்டும். ஷூவின் உள்தட்டை உருவி, செய்தித்தாளைச் சுருட்டி உள்ளே திணித்து வையுங்கள். இரண்டு நாளுக்கு மாடிப்படி இறங்கும்போது தொடை பிடிக்கும். மூன்றாவது நாள் பிடிக்கவில்லை என்றால் அடுத்த மலைக்குத் தேதி பார்க்கலாம்.